எதிர் பங்க்கின் விலைப்பலகை

ஹாலிஸ் பிராக் வாரம் தவறாமல் புல் வெட்டும் மனையில் வீடு இல்லை, தோட்டம் இல்லை, மாடு கட்டக்கூட ஒரு தூண் இல்லை. பழைய அறுபத்தாறாம் நம்பர் சாலையின் வடக்கு ஓரத்தில் வெறும் காலி இடம். நடுவில் ஒரு சிமெண்ட் மேடை மட்டும் கிடக்கிறது. அதன் மேல் ஒரு காலத்தில் அவருடைய பங்க்கின் இரண்டு பெட்ரோல் பம்புகள் நின்றன. புது நெடுஞ்சாலை ரெட் எல்ம் ஊரை ஒதுக்கிவிட்டுப் போனதும் வியாபாரம் படுத்தது. மிச்சமிருந்த கட்டடத்தைச் சூறாவளி ஒன்று அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து ஜில்லாவில் போட்டுவிட்டது. எண்பத்தெட்டு வயதில் அந்த மனையில் மனிதர் எதற்கு வண்டி ஓட்டிப் புல் வெட்டுகிறார் என்று ஊரில் கேட்காத ஆள் கிடையாது. மேடையைச் சுற்றி வரும்போது மட்டும் வண்டியை மெதுவாக்கிக் குழந்தைக்கு முடி வெட்டுவதுபோல வெட்டுவார்.

சாலைக்கு அந்தப் பக்கம் லைல் கெட்சமின் பங்க். அது கல் கட்டடம், சூறாவளிக்கு அசையவில்லை. லைல் செத்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு அதை மியூசியம் ஆக்கப் போகிறார்கள். கமிட்டிக்குத் தலைவி லைலின் மகள் ரொவீனா. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுபத்தெட்டு வயதாகிறது, ஹாலிஸுக்கு மட்டும் இன்னும் அவள் முன்பல் விழுந்த சிறுமிதான்.

அன்றைக்கு அவள் கையில் சுருட்டிய காகிதமும் ஒரு பீச் பழக் கேக்குமாக வந்தபோதே ஹாலிஸ் உஷாராகியிருக்க வேண்டும். ரெட் எல்மில் கேக்கோடு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை.

அவர் புல்வெட்டியை நிறுத்தினார். ரொவீனா காகிதத்தை அவருடைய பிக்கப் வண்டியின் முகப்பில் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.

"பாருங்க மிஸ்டர் ஹாலிஸ், எங்க மியூசியம் பிளான். உள்ள வந்ததும் ஆயில் டப்பா அலமாரி. இங்க அப்பாவோட மேஜை. இங்க அப்பா மாதிரியே ஒரு பொம்மை, யூனிஃபார்ம் போட்டு நிக்கும். வாசல்ல பழைய பம்பு, விலைப்பலகை எல்லாம்."

ஹாலிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். சாலையின் இந்தப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பெரிய கட்டம் இருந்தது.

"இது என்ன, நீலக் கட்டம்?"

"அது... டூரிஸ்ட் பஸ் நிக்கிற இடம்."

"எங்க நிக்குது?"

ரொவீனா தொண்டையைச் செருமினாள். "இங்கதான். நீங்க நிக்கிற இடத்துல."

"ஓஹோ."

"எங்க பக்கம் பின்னாடி ரயில் பாதை போகுது, பஸ்ஸைத் திருப்பவே முடியாது. பஸ் நிக்க இடம் காட்டலேன்னா மாநிலத்துலேருந்து பணம் வராது. பணம் வரலேன்னா மியூசியமே இல்ல. இந்த மனைய நீங்க குடுத்தாதான் உண்டு."

ஹாலிஸ் சிரித்தார், ஆனால் அது நல்ல சிரிப்பில்லை.

"ஒங்கப்பன் என்னைத் தரைமட்டமாக்கணும்னு அத்தனை வருஷம் விலைப்பலகைய மாத்த ஏணி மேல ஏறி இறங்கினான். அவனால முடியல. நீ ஒரே ஒரு நீலப் பேனாவால முடிச்சிட்ட பாத்தியா? ரத்தம்னா ரத்தம்தான்."

"அப்படியெல்லாம் இல்ல மிஸ்டர் ஹாலிஸ்..."

"சரி, என் பங்க் எங்க? இதுல எங்க இருக்கு?"

ரொவீனா காகிதத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். சுவரில் எழுதப்போகும் வாசகம் அங்கே பொடி எழுத்தில் இருந்தது. ஹாலிஸ் வாய்விட்டுப் படித்தார். "எதிரில் ஒரு போட்டி நிலையமும் இருந்தது."

அவ்வளவுதான். பனியிலும் புழுதியிலும் நின்று, ஊரில் உள்ள அத்தனை காரின் கண்ணாடியையும் துடைத்த மனிதனுக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி. அதிலும் பெயர் கிடையாது.

"போட்டி நிலையமும்," என்றார் ஹாலிஸ் மறுபடி. "அந்த 'உம்' நல்லாயிருக்கு. அதுக்கு நன்றி. மனை கிடைக்காதும்மா."

"யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"யோசிச்சாச்சு. கிடைக்காது." ரொவீனா முகம் வாடிக் காகிதத்தைச் சுருட்டினாள். கேக்கையும் எடுத்துக்கொள்ளப் போனாள். "மனையைத்தான் தர மாட்டேன்னேன். கேக்கை எங்க தூக்கிட்டுப் போற?" என்றார் ஹாலிஸ்.

கேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் எதிரும் புதிருமாக இரண்டு பங்க் இருந்தால் விலைச் சண்டை இல்லாமல் இருக்காது. காலையில் லைல் ஏணி போட்டு ஏறி, கேலனுக்கு இருபத்தெட்டு சென்ட் என்று தகர எண்களை மாட்டுவான். ஹாலிஸ் தொலைநோக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு இருபத்தேழு என்று மாட்டுவார். மத்தியானத்துக்குள் இருபத்தாறு, இருபத்தைந்து. கலிஃபோர்னியாவுக்குப் போகிற கார்க்காரன் இரண்டு பலகையையும் பார்த்துவிட்டு ஒரு சென்ட் மலிவான பக்கம் வண்டியைத் திருப்புவான். அந்த ஒரு சென்ட்டுக்காக இருவரும் நஷ்டத்துக்கு விற்ற நாட்களும் உண்டு. புத்தியுள்ளவன் செய்கிற வியாபாரமில்லை அது. இரண்டு பேருக்குமே அந்த விஷயத்தில் புத்தி கிடையாது.

இனிமேல் தாங்காது என்ற நிலை வரும்போது லைல் இரண்டு பாட்டில் சிவப்பு சோடாவை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வருவான். மேடை மேல் உட்காருவான். ஒரு பாட்டிலை நீட்டுவான். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பையன்கள் கால்பந்தில் எப்படித் தோற்றார்கள் என்று பேசுவார்கள். விலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. மறுநாள் காலை இரண்டு பலகையிலும் ஒரே விலை இருக்கும். ஒரு மாதம் சமாதானமாகப் போகும். பிறகு யாராவது ஒருவருக்குக் கை அரிக்கும்.

அந்த மேடையின் மேல்தான் இப்போது பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள். ஹாலிஸுக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தான் அங்கே நின்றதே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டதோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கமிட்டிக் கூட்டம். ஹாலிஸின் மைத்துனன் டுவேன் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். செத்துப்போன மனைவி ஃபெர்னின் தம்பி. எண்பத்திரண்டு வயதிலும் தலையை எண்ணெய் போட்டு வாரி, எந்த இடத்திலும் முதல் ஆளாகப் பேசுகிறவன்.

"வா மச்சான். திட்டறதுன்னா நேர்ல வந்து திட்டு. எனக்கும் அங்க ஒரு வேலை இருக்கு. அந்த ஒரு வாரத்தைப் பத்திச் சுவத்துல எழுதச் சொல்லணும்."

'அந்த ஒரு வாரம்' என்றால் ரெட் எல்மில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஃபெர்னுக்குத் திடீரென்று வயிற்றில் ஆபரேஷன். ஹாலிஸ் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டல்சா நகர ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பங்க் சாவியை டுவேனிடம் எறிந்து, "பம்பு அடி, காசு வாங்கு, விலைப்பலகையைத் தொட்டே, கையை ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கல்லா நிரம்பி வழிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதுதான் கைகொடுத்தது. வரிசை வரிசையாகக் கார் வந்தது, எல்லாம் தன் முகராசி, தன் பேச்சு சாமர்த்தியம் என்றான் டுவேன். ஹாலிஸும் நம்பினார். அந்த ஒரு வாரத்தை வைத்தே டுவேன் ஆயுள் முழுக்க ஓட்டிவிட்டான். அப்புறம் கார் விற்கிற வேலைக்குப் போனதும், கல்யாணம் செய்ததும், இரண்டு தடவை நகரசபைக்கு நின்று தோற்றதும் அந்த வாரத்தை நம்பித்தான்.

கூட்டம் மெதடிஸ்ட் சபைக் கோயிலின் நிலவறையில். பிறந்ததிலிருந்து வேறு சபையான பாப்டிஸ்டில் இருக்கும் ஹாலிஸ் அந்தப் படியில் இறங்குவது அதுவே முதல் தடவை. கூரை இடிந்து விழுமோ என்பதுபோல ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

உள்ளே மடக்கு மேஜைகள், காபி, பிஸ்கட். மூலையில் ஒரு பொம்மை நின்றது. மூடிப்போன துணிக்கடையில் இனாமாகக் கிடைத்த பெண் பொம்மை. அதற்குப் பங்க் யூனிஃபார்ம் போட்டு, மீசை வரைந்து, தொப்பி வைத்திருந்தார்கள்.

"இது யாரு?" என்றார் ஹாலிஸ்.

"அப்பா," என்றாள் ரொவீனா, தரையைப் பார்த்தபடி.

"லைலுக்கு எந்தக் காலத்துலம்மா இப்படி ஒரு இடுப்பு இருந்துச்சு? அவன் பெல்ட்டுல பாதியை வெச்சு என் டிராக்டருக்கு வார் போட்டிருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள், ரொவீனாவும் சிரித்தாள். ஹாலிஸ் வந்த கோபத்தைக் காபிக்குப் பக்கத்தில் எங்கேயோ வைத்துவிட்டு மறந்தார்.

அப்புறம்தான் அந்தப் புகைப்படம் வெளியே வந்தது. ஓஹையோவிலிருந்து அந்தக் காலத்தில் இந்த வழியாகப் போன யாரோ ஒருவர் எடுத்தது. அவருடைய பிள்ளைகள் அனுப்பியிருந்தார்கள். லைலின் பங்க் அத்தனை தெளிவாக விழுந்த வேறு படம் ஊரில் கிடையாது. அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்ட வேண்டும், அதில் உள்ள விலையையே வாசல் பலகையிலும் மாட்ட வேண்டும் என்றார் கமிட்டிப் பொருளாளர். மருந்துக்கடை வைத்திருந்தவர், எதிலும் கறார்.

"வேணாம்," என்றாள் ரொவீனா. படத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். "வேற படம் தேடலாம்."

"ஏன்? விலை ஜாஸ்தியா இருக்குன்னா? வரலாறுன்னா வரலாறுதான். உங்கப்பா எதிர்ல இருக்கவரை விட ஒன்பது சென்ட் கூட வெச்சு வித்திருக்காரு. படத்துலயே தெரியுது, அதான் எல்லா வண்டியும் அந்தப் பக்கம் நிக்குது."

"எங்கப்பா கொள்ளைக்காரர்னு சுவத்துல மாட்டறதுக்கா நான் இவ்வளவு பாடுபடறேன்?" ரொவீனாவின் குரல் உடைந்தது.

"எதுல ஒன்பது சென்ட் கூட?" என்றார் ஹாலிஸ். "லைல் கெட்சமா? அவன் என்னை விட ஒரு சென்ட் கூட வெச்சா அன்னிக்கே நெஞ்சு வெடிச்சுச் செத்துருப்பான். குடு இப்படி."

படத்தைக் கையில் வாங்கினார். முன்னால் லைலின் விலைப்பலகை. முப்பத்து நான்கு. எண்கள் பளிச்சென்று இருந்தன. சாலைக்கு அந்தப் பக்கம் அவருடைய பங்க். சூறாவளி கொண்டுபோன கூரை, வெள்ளையடித்த சுவர், அவரே எழுதிய பெயர்ப்பலகை எல்லாம் அப்படியே இருந்தன. பலகையில் இருபத்தைந்து. கார்கள் சாலை வரைக்கும் வரிசை கட்டி நின்றன. பம்புக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லிப் பையன். தலைக்குப் பெரிதான ஹாலிஸின் தொப்பி அவன் காதுவரை இறங்கியிருந்தது.

டுவேன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினான். "அட, அது நான்தான்! அந்த வாரம்! பாத்தீங்களா வரிசைய? இத்தனை வருஷமா சொல்றேனே, ஒருத்தராவது நம்பினீங்களா? இதோ ஆதாரம்!"

ஹாலிஸ் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். டுவேன் அந்தத் தொப்பியைப் போட்டது வாழ்க்கையில் அந்த ஒரே வாரம்தான். டல்சாவுக்குக் கிளம்பின அன்று இரண்டு பலகையிலும் இருபத்தைந்து இருந்தது. சமாதான காலம்.

அவர் திரும்பி வந்த காலையும் ஞாபகம் வந்தது. பிக்கப்பைத் திருப்பும்போதே பார்த்தார், லைல் ஏணி மேல் அவசர அவசரமாக எண்களை மாற்றிக்கொண்டிருந்தான். இருபத்து நான்கு என்று மாட்டினான். ஹாலிஸுக்குக் கண் இருட்டியது. சாலையைக் கடந்து போய்ச் சட்டையைப் பிடித்தார். "என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கா, இப்பக்கூடவா? நீ மனுஷனா, பிணந்தின்னிக் கழுகா?" என்று கேட்டார். லைல் பதிலுக்குக் கை ஓங்கவில்லை. "வந்துட்டியா?" என்றான். "ஃபெர்ன் எப்படியிருக்கா? பிழைச்சுட்டாளா? அப்ப சரி, சண்டைய ஆரம்பிக்கலாம்."

அதற்கப்புறம் எத்தனை தடவை சிவப்பு சோடாவோடு வந்து அந்த மேடையில் உட்கார்ந்தான். மழையைப் பற்றிப் பேசினான். இதைப் பற்றி மூச்சு விடவில்லை, படுபாவி.

"மிஸ்டர் ஹாலிஸ்?" என்றாள் ரொவீனா. "உக்காருங்க. தண்ணி தரவா?"

"ரொவீனா," என்றார் அவர். "அந்த வாரம் உங்க வீட்டுல என்ன சாப்பிட்டீங்க?"

"எனக்கு அப்ப ஆறு வயசு, எப்படித் தெரியும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "பீன்ஸ். ஒரு வாரம் முழுக்க பீன்ஸும் சோள ரொட்டியும். அம்மா சட்டிய டம்மு டம்முன்னு வெச்சுக்கிட்டு அப்பாவைத் திட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. 'உனக்குப் பைத்தியமா? ஒரு வண்டி வரல'ன்னு. அப்பா சிரிச்சுக்கிட்டே பீன்ஸைத் தின்னார். ஏன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"வண்டி வரக்கூடாதுன்னுதான் விலைய ஏத்தினான்," என்றார் ஹாலிஸ். "நான் இல்லாதப்ப வர்ற வண்டியெல்லாம் என் பக்கம் திரும்பட்டும்னு ஏத்தினான். என் வண்டியத் தூரத்துல பாத்ததும் ஓடிப்போய் இறக்கிட்டான், நான் பாத்துடக் கூடாதாம். நான் போய் அவனைக் கழுகுன்னேன். அவன் 'வந்துட்டியா? அப்ப சண்டைய ஆரம்பிக்கலாம்'னான்."

பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொவீனா படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். ஹாலிஸும் அழுதார், மெதடிஸ்ட் கோயில் என்றும் பார்க்காமல்.

டுவேனுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப..." என்று மெதுவாக இழுத்தான். "அந்த வரிசை... என் சாமர்த்தியத்துக்கு வரல?"

"இல்ல மச்சான்."

"கொஞ்சங்கூடவா?"

ஹாலிஸ் அவனைப் பார்த்தார். எண்ணெய் போட்டு வாரிய அந்தத் தலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கொஞ்சம் இருக்கும்டா. ஒரு நாலஞ்சு வண்டி உனக்காக வந்திருக்கும்."

"அதான் நானும் நினைச்சேன்," என்றான் டுவேன், சற்றுத் தேறி.

ஹாலிஸ் எழுந்தார். "விலைய மாத்தாதீங்க. முப்பத்தி நாலு. வாசல்ல அதையே மாட்டுங்க. படத்தைச் சுவர் நிறைய மாட்டுங்க, ஏன் அந்த விலைன்னு கீழே எழுதுங்க. மனைய எடுத்துக்கம்மா, பஸ்ஸு, ரயிலு, எதை வேணா நிறுத்து. மேடையை மட்டும் தொடக்கூடாது. அங்க எனக்கு ஒரு கம்பம் நடணும்."

"கம்பம் எதுக்கு?"

"அது என் சமாச்சாரம்."

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மியூசியம் திறந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாண்டு வாசித்தார்கள். சிவந்த புழுதியை வாரிக்கொண்டு வந்த காற்று எலுமிச்சை ஜூஸ் கோப்பைகளை உருட்டியது. லைல் பொம்மைக்கு யாரோ தலையணை கட்டி வயிறு வைத்திருந்தார்கள், இப்போது ஜாடை வந்துவிட்டது. சாலைக்கு இந்தப் பக்கம், பழைய மேடையின் மேல் புதுக் கம்பம் ஒன்று, தலையில் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது.

முதல் டூரிஸ்ட் பஸ் வந்து நின்றதும் ஹாலிஸ் விரிப்பை இழுத்தார். கொட்டகையில் இத்தனை நாளும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த அவருடைய தகர எண்கள் வெயிலில் மின்னின. முப்பத்தைந்து.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் சார், அங்க முப்பத்தி நாலு, இங்க முப்பத்தஞ்சா?"

"ஆமா. என்கிட்ட ஒரு சென்ட் ஜாஸ்தி. அந்தப் பக்கம் போங்க," என்றார் ஹாலிஸ். "எல்லாரும் அந்தப் பக்கம் போங்க."

எல்லோரும் சாலையைக் கடந்து லைல் கெட்சமின் பங்க்குக்குப் போனார்கள். ஹாலிஸ் மேடையில் உட்கார்ந்து, அந்த வரிசையை வாய்நிறையச் சிரித்துக்கொண்டு பார்த்தார். அந்தப் பக்க வாசலில் ரொவீனா அவருடைய பலகையைப் பார்த்தபடி வாயில் கை வைத்து நின்றாள்.

மறுநாள் காலை அவர் புல் வெட்ட வந்தபோது எதிர்ப் பக்கம் ஏணி நின்றது. அதன் உச்சியில் அறுபத்தெட்டு வயது ரொவீனா, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தகர எண்ணை மாட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு.

"ஏய்!" என்று கத்தினார் ஹாலிஸ். "என்ன பண்ற? வரலாறுன்னா வரலாறுதான்னு உங்க பொருளாளர் சொன்னாரே, அது என்னாச்சு?"

"வந்துட்டீங்களா?" என்று ஏணியிலிருந்து கூவினாள் ரொவீனா. "அப்ப சண்டைய ஆரம்பிக்கலாம்!"

ஹாலிஸ் புல்வெட்டியை நடுவழியில் அப்படியே விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட வந்து காரில் தூங்கிக்கொண்டிருந்த மைத்துனனின் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்.

"டுவேன்! எழுந்திருடா! ஏணிய எடு!"